நான் கழுவிய கண் படங்கள்

போன மாதம் என் கண்ணைக் காட்டப் போனேன். முப்பத்திரண்டு வருடம் ஊரார் கண்ணைப் படம் பிடித்தவள் நான். எனக்கும் சர்க்கரை வந்து ஆறு வருடமாகிறது. புதிய இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொன்னார்கள். ஒரு பச்சை வெளிச்சம், ஒரு பளிச், அவ்வளவுதான். திரையில் என் விழித்திரை மெழுகித் துடைத்த சிமெண்டுத் தரை போல வழவழப்பாக வந்து நின்றது.

"சுத்தம் பண்ணாத படம் இருக்குமா, அதைக் காட்டம்மா" என்றேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. படம் தானாகவே சுத்தமாகித்தான் வரும், அதுதான் இந்தக் கேமராவின் விசேஷம் என்றாள். நான் நகரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் எங்கெங்கோ தட்டித் தேடி, சொரசொரப்பான மூலப்படத்தை எடுத்துக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, திரையில் மூக்கு முட்டும்படி நின்று பார்த்தேன். இந்தக் கிழவிக்குக் கிறுக்கு என்றுதான் அவள் நினைத்திருப்பாள். கிறுக்குதான். அது எனக்கு எப்படிப் பிடித்தது என்பதை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மூணாறுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தாள், அப்பா ஃபாக்டரியில் இருந்தார். மதுரையில் இரண்டு வருடம் கண் பரிசோதனை உதவியாளர் படிப்பு. முடித்ததும் மலைக்குக் கீழே ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவர்களுடைய வண்டி வாரத்தில் நான்கு நாள் எஸ்டேட்டுகளுக்கு ஏறும். அதில் நானும் ஏறினேன், ஓய்வு பெறும் நாளில்தான் இறங்கினேன். நான் நர்ஸ் கிடையாது. ஆனாலும் எஸ்டேட்டுகளின் எல்லா டிவிஷனிலும் எனக்குப் பெயர் கண்ணு சிஸ்டர்.

சர்க்கரை நோய் கண்ணை எப்படிக் கெடுக்கும் என்று இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். கண்ணின் பின்சுவரில் சிவப்பாக ஒரு திரை, அதில் நூல் நூலாக ரத்தக்குழாய்கள். சர்க்கரை கூடினால் அந்தக் குழாய்கள் அங்கங்கே ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளியாக உப்பும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது, பார்வை நன்றாகவே இருக்கும். அந்த நேரத்தில் கண்டுபிடித்து விட்டால் கண் தப்பும். குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கசிந்த பிறகு வந்தால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

ஆஸ்பத்திரியில் இதற்கென்று மேஜை அளவுக்கு ஒரு பெரிய கேமரா இருந்தது. எஸ்டேட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. பத்து வருடத்துக்கு முன்னால் கையில் பிடிக்கிற சின்னக் கேமரா ஒன்று வாங்கினார்கள். அதன் உள்ளே வெளிச்சத்தை வாங்குகிற சென்சர் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சின்னச் சென்சருக்கு வெளிச்சம் போதாது. போதாததைக் கேமரா தானே பெருக்கிக்கொள்ளும். பெருக்கும்போது படத்தோடு குப்பையும் சேர்ந்து பெருகும். படமெங்கும் சிவப்பும் பச்சையுமாகப் பொடி தூவியதுபோல இருக்கும். கேமராக்காரர்கள் அதை நாய்ஸ் என்பார்கள். எங்கள் பவுலோஸ் டாக்டர் அதற்கு வைத்த பெயர் மணல்.

வெளிச்சம் போதாததற்கு எங்கள் பெண்களும் ஒரு காரணம். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் நடுவிலிருக்கும் கறுப்புப் பாவை விரியும், வெளிச்சம் தாராளமாக உள்ளே போகும், படம் நன்றாக வரும். ஆனால் மருந்து விட்டால் நான்கைந்து மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெயில் கூசும். செங்குத்துச் சரிவில் நின்று இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிற பெண் அந்தக் கண்ணோடு எப்படிப் போவாள்? சொட்டு மருந்துப் புட்டியை எடுத்தாலே எஸ்டேட் டிஸ்பென்சரி வாசல் காலியாகிவிடும். என் அம்மாவே ஓடியிருப்பாள். அதனால் விரியாத பாவைக்குள், சின்னச் சென்சரோடு, இருட்டில் ஊசி கோத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்தேன். கேமரா சூடானால் மணல் கூடும் என்று கண்டுபிடித்தேன். அதனால் நான்கு பேருக்கு ஒருமுறை அதை அணைத்து ஜன்னல் விளிம்பில் மூடுபனி படும்படி வைப்பேன். பாட்டரிக்கோ குளிர் ஆகாது, அதை ஸ்வெட்டருக்குள் மார்போடு வைத்துக்கொள்வேன். டிஸ்பென்சரி கம்பவுண்டர் தங்கராஜ் அண்ணன், ஒன்றுக்குக் காய்ச்சல் ஒன்றுக்குக் குளிர், இரண்டு பிள்ளை பெற்றவள் பாடுதான் உனக்கு என்று கேலி செய்வார்.

பவுலோஸ் டாக்டர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அது இன்னும் கஷ்டம். நான் அனுப்பிய படங்களை மறுநாள் காலையில் பார்ப்பார். அறை விளக்கை அணைப்பார், தேநீர்க் குவளையைத் தட்டால் மூடுவார், பார்வை நரம்பு கிளம்புகிற வட்டத்திலிருந்து தொடங்கிக் கடிகார முள் போல ஒரு சுற்றுச் சுற்றி வருவார். சுற்று முடியாமல் வாய் திறக்க மாட்டார். படம் தேறாவிட்டால் அந்தப் பெயருக்கு நேரே 'மணல்' என்று ஒரே ஒரு சொல். அந்தச் சொல் வந்தால் நான் மறுபடி மலையேறி, அந்தப் பெண்ணை மறுபடி கொழுந்துச் சரிவிலிருந்து இறக்கி, மறுபடி எடுக்க வேண்டும். சில நாள் வரிசையாகப் பன்னிரண்டு மணல் வரும். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த நேரத்தில்தான் மூணாறு பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு பையன் எனக்கு ஒரு வழி காட்டினான். கல்யாண வீட்டில் மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கணினியில் போட்டு, திரையில் தெரிந்த ஒரு கம்பியை இடமிருந்து வலமாக இழுத்தான். மணப்பெண்ணின் முகத்திலிருந்த சொரசொரப்பெல்லாம் போய்ப் பால் மாதிரி ஆகிவிட்டது. அந்த மென்பொருளை என் கணினியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அன்று முதல் கண் படங்களை அப்படி மணல் போகக் கழுவித்தான் அனுப்பினேன்.

டாக்டர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "இப்போ படம் எல்லாம் நல்லா வருது. மிடுக்கி" என்றார். கெட்டிக்காரி என்று மலையாளத்தில் சொல்வது அது. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் அத்தனை வருடத்தில் வந்ததில்லை. எப்படி நன்றாக வருகிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ஊர் வந்தேன்.

சகாயமேரி அக்கா அந்த மாதங்களில் வந்தவர்தான். நாற்பத்தெட்டு வயது, சர்க்கரை வந்து ஒன்பது வருடம். அவர் டிவிஷனில் கை வேகத்துக்குப் பெயர் போனவர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் லயத்துக்கு இரண்டு லயம் தள்ளி இருந்தார்கள். இரண்டு கண்ணையும் படம் எடுத்தேன். பாவை மிளகளவுகூட இல்லை. ஐந்து ஐந்து தடவை எடுத்தேன், ஐந்தும் மணல். இருப்பதில் நல்லதைத் தேர்ந்து, கழுவி அனுப்பினேன். கோளாறு எதுவும் இல்லை, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் போதும் என்று டாக்டர் எழுதினார். அந்தக் காகிதத்தை நான்தான் அக்கா கையில் கொடுத்தேன், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று என் வாயாலேயே சொன்னேன்.

ஏழு மாதம் கழித்து அக்கா டிஸ்பென்சரிக்கு வந்தார். வலது கண்ணில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது, துடைத்தாலும் போகவில்லை என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். அன்றே கீழே அழைத்துப் போனேன். வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. இடது கண்ணிலும் அதே வழியில் கெட்ட குழாய்கள் முளைத்திருந்தன, ஆனால் இன்னும் வெடிக்கவில்லை. இரண்டு வாரத்துக்குள் லேசர் வைத்தால் இடது கண் நிச்சயம் தப்பும் என்றார் டாக்டர்.

அக்கா எழுந்து புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டார். "ஏழு மாசத்துக்கு முன்னாடி நல்லாருக்குன்னு காயிதம் குடுத்தீக. இப்ப கெட்டுப்போச்சுங்கீக. உங்க பேச்சைக் கேட்டு இருக்கிற கண்ணுல நெருப்பு வைக்க நான் தயாரா இல்ல" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்து மலையேறிவிட்டார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். ஒன்றும் இல்லாத கண் ஏழே மாதத்தில் இவ்வளவு தூரம் வராதே, அன்றைய படங்களைக் கொண்டு வா என்றார். நான் மூலப்படங்களை அழிக்காமல் வைத்திருந்தேன். அது கடமை உணர்ச்சி இல்லை, வெறும் சோம்பல். அன்று மாலை வீட்டில் பழைய மெமரி கார்டைச் செருகி, கழுவாத படத்தையும் கழுவிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கழுவாத படத்தில் மணலோடு மணலாகச் சில சிவப்புப் பொட்டுகள் கொஞ்சம் அழுத்தமாக இருந்தன. கழுவிய படத்தில் அந்த இடம் பால் மாதிரி இருந்தது.

மென்பொருளுக்குப் பொட்டும் மணலும் ஒன்றுதான். சின்னதாக, சிவப்பாக, தனியாக இருப்பதெல்லாம் அதற்குக் குப்பை. நோயும் சின்னதாக, சிவப்பாக, தனியாகத்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாததா? இருபத்திரண்டு வருடம் அந்தப் பொட்டைத் தேடித்தானே மலையேறினேன்! பாராட்டு கண்ணை மறைத்துவிட்டது, வேறு சாக்குச் சொல்ல எனக்கு வழியில்லை.

தங்கராஜ் அண்ணனிடம்தான் முதலில் அழுதேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றினார். அதோடு விட்டிருந்தால் சரி. மூலப்படத்தை அழித்துவிடு, யார் கேட்கப் போகிறார்கள் என்றார். மேரியிடம் மட்டும் வாயைத் திறக்காதே, திறந்தால் இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய் அந்தக் கண்ணும் போய்விடும் என்றார். முதலாவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதற்கு நான் அசையவில்லை. இரண்டாவது சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. அதில் நியாயம் இருந்தது.

மறுநாள் கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். டாக்டரிடம் கழுவிய கதையைச் சொன்னேன். வலது கண்ணின் ஐந்து மூலப்படங்களையும் காட்டினேன். அவர் விளக்கை அணைத்தார். தேநீர் மூடியபடியே இருந்தது. ஒரு படத்தைப் பார்த்தார், அடுத்ததைப் போடச் சொன்னார், திரும்ப முதலாவதைப் போடச் சொன்னார். வேகமாகப் போடு என்றார். ஐந்தையும் மாற்றி மாற்றித் தட்டினேன். அப்போது நானும் பார்த்தேன். மணல் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் துள்ளியது. ஏழெட்டுச் சிவப்புப் பொட்டுகள் மட்டும் ரத்தக்குழாயை ஒட்டி அசையாமல் நின்றன.

"ஓடறது மணல். நிக்கறது நோய்" என்றார் டாக்டர், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் ஏதோ சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். "மணல்னு உன்னை வெரட்டினது நான். திடீர்னு படம் ஏன் நல்லாச்சுன்னு கேட்காததும் நான். ரிப்போர்ட்டில இருக்கிற ஒப்பு என்னோடது அல்லே?" ஒப்பு என்றால் கையெழுத்து. நிர்வாகத்துக்கு அவரே எழுதினார், என் பெயருக்கு முன்னால் தன் பெயரைப் போட்டு. மேரி அக்காவிடம் யார் சொல்வது என்று கேட்டேன். அவள் காதில் நல்லாருக்கு என்று சொன்னது யாரோ அவர்தான் சொல்ல வேண்டும் என்றார்.

அக்கா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து போனேன். அடுப்படியில் நனைந்த கம்பளியை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். கொழுந்துப் பையின் கனம் தலையை அழுத்தாமலும் மழை இறங்காமலும் மடித்துப் போட்டுக்கொள்கிற கம்பளி அது. உட்காரச் சொன்னார், பாலில்லாத கட்டன் சாயா போட எழுந்தார். வேண்டாம் என்று நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கே உங்க கண்ணுல புள்ளி இருந்துச்சு. படம் பாக்க நல்லால்லன்னு நான் கழுவுனேன். அதுல புள்ளியும் போயிருச்சு. டாக்டரு பாத்தது கழுவுன படத்த. தப்பு என்னோடது."

அக்கா கம்பளியின் ஒரு முனையைத் திருப்பிப் போட்டார். டாக்டருக்குத் தெரியுமா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். வேலை போய்விடுமா என்றார். தெரியவில்லை என்றேன். வலது கண்ணை ஒருமுறை கையால் பொத்தி என்னைப் பார்த்தார், பிறகு இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். அந்த இரண்டாவது தடவை அவருக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். தலை குனிந்து நின்றேன்.

"உம்மேல எனக்குக் கோவம் இருக்கு செல்வி. அது லேசுல போகாது" என்றார். "ஆனா இந்தக் கண்ண உங்கிட்டதான் காட்டுவேன். வேற யாரு வந்தாலும் வாய் கூசாம நல்லாருக்கும்பாக. உனக்கு இனி அந்த வாய் வராது."

செவ்வாய்க்கிழமை இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து கீழே போனோம். வழியெல்லாம் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் வளைவுகளில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இடது கண் தப்பியது. மூன்று முறை லேசர் வைத்தார்கள். வலது கண்ணில் ரத்தம் மெல்ல வற்றி, முக்கால் பார்வை திரும்பியது. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பதவி உயர்வு தள்ளிப்போனது. நியாயம்தான். நான் கழுவி அனுப்பிய மற்ற நாற்பத்தொரு பேரின் மூலப்படங்களையும் டாக்டரும் நானும் உட்கார்ந்து மறுபடி பார்த்தோம். அதில் மூன்று பேர் கண்ணில் பொட்டு நின்றது. மூன்று பேரையும் வெடிப்பதற்கு முன்னால் பிடித்துவிட்டோம்.

இனிமேல் கழுவாதே, அடுக்கு என்றார் டாக்டர். ஒரே கண்ணை நான்கு தடவை எடுத்து, கணினியில் ரத்தக்குழாய்க்கு மேல் ரத்தக்குழாய் பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுப்பது. துள்ளுகிற மணல் தேய்ந்து மங்கும், நிற்கிற பொட்டு தெளிந்து வரும். இன்னொரு கள்ளனும் உண்டு. சென்சரிலேயே பழுதாகிப்போன சில புள்ளிகள் எல்லாப் படத்திலும் நிற்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி எடுப்பேன். ரத்தக்குழாயோடு நகராமல் படச் சட்டத்தோடு நிற்கிற புள்ளி கேமராவுடைய கறை, கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு தடவை பளிச் அடித்தால் பாவை சுருங்கிவிடும். மறுபடி விரிய ஐந்தாறு நிமிடம் இருட்டில் காத்திருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு கண், கண்ணுக்கு நான்கு படம் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்ப்பது? வழி சொன்னது மேரி அக்கா. நாலு பேரையும் ஒன்றாக உள்ளே உட்காரவை, வரிசையாக ஒருத்திக்கு ஒன்று எடுத்துக்கொண்டே போ, நாலாவது ஆள் முடிவதற்குள் முதல் ஆளுக்குக் கண் விரிந்துவிடும் என்றார். வேண்டுமானால் கூட ஒரு நிமிடம் பேசிக்கொண்டிருப்போம், பேச எங்களுக்கா விஷயம் இல்லை என்றார்.

டிஸ்பென்சரியை ஒட்டிய சாமான் அறை. ஜன்னலிலும் கதவிடுக்கிலும் நான்கு கம்பளி தொங்கும். உள்ளே கைக்குக் கை தெரியாத இருட்டு. பெஞ்சில் நான்கு பெண்கள், ஆளுக்கு ஒரு எண். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, படம் எடுத்துக்கொண்டு, மறுபடி மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்விடுவார்கள். சொட்டு மருந்து வேண்டியிருக்கவில்லை. அந்த இருட்டில் சூப்பர்வைசர்களைப் பற்றி என்னென்ன பேசுவார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. சிரிப்பில் கண் ஆடி என் படம் கெட்டதுதான் மிச்சம்.

ஆள் சேர்ப்பதும் மேரி அக்காதான். என் தப்பைச் சொல்லித்தான் சேர்த்தார். என்னை வைத்துக்கொண்டே, "இவ ஒருதடவ என் கண்ணக் கழுவிட்டா, இப்ப கழுவமாட்டா, வாங்கடி" என்பார். முதல் சில தடவை காது கூசியது. பிறகு அந்த வாக்கியம் வரவில்லையென்றால் முகாமே தொடங்காததுபோல் ஆகிவிட்டது.

அடுத்த வருடம் அக்காவின் முறை வந்தது. நான்கு படம் எடுத்தேன். வழக்கமாக நாங்கள் படத்தை நோயாளிக்குக் காட்டுவதில்லை. அக்கா வெளியே போகாமல் என் பின்னால் வந்து நின்று, எனக்கும் போட்டுக் காட்டு என்றார். லேசர் தழும்புகளைச் சொல்லிக்கொடுத்தேன். போன தடவை எடுத்த படத்தை ஒரு பக்கமும் இந்த நான்கையும் மறுபக்கமும் வைத்து, மாற்றி மாற்றித் தட்டினேன். தன்னுடைய கண்ணைத் தன்னுடைய கண்ணாலேயே பார்த்துக்கொண்டு, கொழுந்து பார்க்கிற அந்தக் கூர்மையோடு, குனிந்து நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க எனக்குத் துணிவும் இல்லை.

"இன்னொருதடவ போடு" என்றார். போட்டேன். திரையில் விரலை வைத்து ரத்தக்குழாயைத் தொட்டுக்கொண்டே ஒரு சுற்று வந்தார்.

"எல்லாம் ஓடுது செல்வி. புதுசா ஒண்ணும் நிக்கல" என்று சொல்லிவிட்டு, கம்பளியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார்.